கடல் இல்லாத ஊரிலிருந்து கடல் காற்றாலைக் கேள்விகள்

போன இதழில், தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குள் காற்றாலை நிறுத்தும் யோசனை பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவே இல்லை. தபாலிலும் வாட்ஸப்பிலும் வந்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன், பாதிப்பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான், இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால் இந்த முறை கேள்வி-பதில் பகுதி முழுவதும் இதற்கே.

கேள்வி: நம்முடையது கடலே இல்லாத மாவட்டம். கடலில் காற்றாலை வந்தால் நமக்கு என்ன, வராவிட்டால் என்ன சார்?
— கல்லூரி மாணவி, பென்னாகரம்

பதில்: மின்சாரத்துக்கு சொந்த ஊர் என்று ஒன்று கிடையாதும்மா. ஆரல்வாய்மொழியில் சுற்றுகிற காற்றாலையின் மின்சாரமும் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் மின்சாரமும் ஒரே வலைப்பின்னலில் கலந்துதான் உங்கள் வீட்டு மீட்டருக்கு வருகிறது. நம் வீடுகளுக்கு இன்று ஃப்ளூரைடு இல்லாத தண்ணீர் வருவது 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால்தான். அந்தத் தண்ணீரைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றித் தள்ளுவது ராத்திரி பகலாக ஓடும் மோட்டார்கள். அவை எந்த மின்சாரத்தில் ஓடுகின்றன, அதற்கு யூனிட்டுக்கு என்ன விலை என்பதெல்லாம் பென்னாகரத்துக்கும் சம்பந்தப்பட்டதுதான். கடல் காற்றாலைக்கு ஒப்பந்தம் போட்டால் இருபத்தைந்து வருடத்துக்குப் போடுவார்கள். விலையைத் தப்பாக நிர்ணயித்தால் நம் பில்லில் வரும், இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நாம் ஃபேன் போடுவதற்காக ராமநாதபுரத்தில் யாரோ ஒருவர் மீன்பிடித் தளத்தை இழப்பார். இது இரண்டும் நடக்கக்கூடாது என்றால் கடல் இல்லாத ஊர்க்காரர்களும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

கேள்வி: நிலத்தில்தான் ஆயிரக்கணக்கில் காற்றாலை இருக்கிறதே, பிறகு ஏன் கடலில் கொண்டுபோய்க் காசைக் கொட்டவேண்டும்? எவ்வளவு அதிகம் செலவாகும்?
— லேத் பட்டறை உரிமையாளர், ஓசூர்

பதில்: காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் அதிலிருந்து கிடைக்கும் சக்தி வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் பெருகும், இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வினாடிக்கு 8 மீட்டர் வேகக் காற்றையும் 10 மீட்டர் வேகக் காற்றையும் ஒப்பிட்டால் வேகம் கால்பங்குதான் அதிகம், ஆனால் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சோதனையாக ஆரம்பித்து, இன்று பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிலத்தில் நிறுத்திவிட்டோம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என்று மலைக் கணவாய் வழியாகக் காற்று பாய்கிற நல்ல இடங்களை எல்லாம் முதலிலேயே பிடித்தாயிற்று. அவற்றில் பல இன்னும் பழைய சின்ன இயந்திரங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பராமரித்தது 250 கிலோவாட் இயந்திரம், இன்று கடலுக்கென்று செய்யும் ஒரு இயந்திரம் 15 மெகாவாட், அதாவது அதுபோல அறுபதுக்குச் சமம்.

தொப்பூர் கணவாயில் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லர் வளைவில் திரும்ப முடியாமல் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த 15 மெகாவாட் இயந்திரத்துக்கு ஒரு இறக்கையே 115 மீட்டர், அதை எந்த ரோட்டிலும் கொண்டுபோக முடியாது, துறைமுகத்திலிருந்து நேராகக் கப்பலில்தான் போகவேண்டும். செலவு ஏறுவது இப்படித்தான். கடலடியில் அடித்தளம், கடலுக்கடியில் கேபிள், கடலுக்குள்ளேயே ஒரு துணைமின் நிலையம், தூக்கி நிறுத்துவதற்குத் தனிக் கப்பல், அப்புறம் ஒரு போல்ட் கழன்றாலும் படகிலோ ஹெலிகாப்டரிலோதான் போகவேண்டும், ஆடி மாதக் காற்றில் படகை அங்கே கட்டவும் முடியாது.

எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களுக்கு, மீதி 6,853 கோடி குஜராத் கடலில் 500, தமிழ்நாட்டுக் கடலில் 500 என்று 1,000 மெகாவாட்டுக்கு. வகுத்துப் பாருங்கள், ஒரு மெகாவாட்டுக்கு ஆறே முக்கால் கோடிக்கு மேல். இது மொத்தச் செலவு இல்லை, விலை கட்டுப்படியாகட்டும் என்று அரசு கைக்காசு போடுகிற பகுதி மட்டும். அதற்குப் பதிலாக என்ன கிடைக்கும்? வருடத்துக்குச் சுமார் 372 கோடி யூனிட் என்று அரசே சொல்கிறது. 1,000 மெகாவாட் வருடம் முழுக்க நிற்காமல் ஓடினால் 876 கோடி யூனிட், ஆக நூற்றுக்கு 42 பங்கு ஓடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிலத்தில் நாங்கள் முப்பது பங்கைத் தொட்டாலே நல்ல வருடம் என்போம். இந்தப் பணம் முதல் ஆயிரம் மெகாவாட்டுக்குத் தேவை என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் கப்பலும் துறைமுகமும் ஆட்களும் தயாராகாமல் விலை இறங்காது. ஆனால் அந்தப் பணத்தால் கற்றுக்கொள்வது என்ன என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளவேண்டும்.

கேள்வி: நம் பக்கம் குவாரிகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள், தலையணை மாதிரி ஒரு அறிக்கை கொடுக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. நடுக்கடலில் சுற்றுச்சூழல் மதிப்பீடு என்றால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? உண்மையில் என்னதான் செய்வார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். முதலில் ஒரு விஷயம், நிலத்துக் காற்றாலைக்கு அந்தத் தலையணைகூடக் கிடையாது. 2006-ஆம் வருடத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. முன் அனுமதியும் இல்லை, கருத்துக்கேட்பும் இல்லை. அதன் விளைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் காற்றாலைக்கு ரோடு போட்டார்கள், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, இது ஓடை, மழைக்குத் தண்ணி இப்படித்தான் குளத்துக்குப் போகும்" என்றார். வரைபடத்தில் ஓடை இல்லை என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஐப்பசியில் பெய்த மழையில் ரோடு போயிற்று, அதோடு குளத்துக்கு வரவேண்டிய தண்ணீர் பக்கத்துக் காட்டில் பாய்ந்து ஒருவருடைய வாழைத் தோட்டமும் போயிற்று. அந்தப் பெரியவரை ஒரு டீக்கடையில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் கேட்டிருந்தால் போதும். அன்று கூட நின்றிருந்தவன் நான், வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. மதிப்பீடு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பெரியவர்தான்.

கடலுக்கு வருவோம். 2015 அக்டோபரில் வந்த தேசியக் கடல் காற்றாலைக் கொள்கையே சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும் என்கிறது. பாதுகாப்பு, உள்துறை, விண்வெளி என்று பல துறைகளின் அனுமதியும் வேண்டும், இதற்கெல்லாம் ஒருங்கிணைப்பு சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம். ஆய்வு என்று எழுதுவது சுலபம், நம் கடலில் அது எவ்வளவு கனமான வேலை என்று பாருங்கள்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். அங்கே பவளப்பாறை, கடற்புல் படுகை, அந்தப் புல்லை மேயும் ஆவுளியா, அதாவது கடல்பசு. ஆவுளியாவுக்காகவே 2022-ல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதுபோக மார்கழி, தை மாதங்களில் தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வரும், கோடியக்கரைக்கு வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து பறவைகள் வரும், தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் நம் கரைகளில் ஏறி முட்டையிடும். இப்போது ஒருவர் வந்து வைகாசி மாதம் மூன்று வாரம் படகில் சுற்றிவிட்டு "இங்கே பறவை இல்லை" என்று எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. பிரிட்டனில் பறவைக் கணக்கு மட்டும் இரண்டு வருடம் மாதாமாதம் விமானத்திலிருந்து படமெடுத்து எடுப்பது வழக்கம். நமக்கும் குறைந்தது இரண்டு தென்மேற்குப் பருவம், இரண்டு வாடைக்காலம் வேண்டும்.

சத்தம் இன்னொன்று. கடலடியில் இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது வருகிற சத்தம் தண்ணீரில் பல கிலோமீட்டர் போகும், காற்றில் போவதைவிடத் தண்ணீரில் சத்தம் நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். ஒலியை வைத்தே வழி பார்க்கிற ஓங்கில்களுக்கு, அதாவது டால்பின்களுக்கு, அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஜெர்மனியில் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், 750 மீட்டர் தள்ளி அளந்தால் சம்மட்டியின் ஒரு அடியின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதற்காகக் குழாயைச் சுற்றிக் கடலடியில் ஓட்டை போட்ட பைப்பைப் போட்டுக் காற்றை ஊதி, குமிழிகளால் ஒரு திரை கட்டுகிறார்கள், சத்தம் அதில் பெருமளவு குறைந்துவிடுகிறது. முதலில் மெதுவாக அடித்து, விலங்குகள் விலகிப் போக நேரம் கொடுத்து, அப்புறம்தான் பலமாக அடிக்கிறார்கள். நம் டெண்டரில் இப்படி ஒரு எண் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதினால் எதை வைத்து அளப்பது?

எல்லாமே கெடுதல் என்றும் சொல்லமாட்டேன். டென்மார்க்கில் நீஸ்டெட் கடல் காற்றாலையில் ரேடார் வைத்துப் பார்த்தபோது கடல் வாத்துகள் பெரும்பாலும் வரிசைகளைச் சுற்றியோ நடுவில் இடைவெளி பார்த்தோ போயின, மோதுவது மிகக் குறைவு. அடித்தளங்களில் சிப்பி ஒட்டி வளர்கிறது, அதைத் தேடி மீன் கூடுகிறது. ஆனால் டென்மார்க் வாத்து விலகிப் போயிற்று என்பதை வைத்து தனுஷ்கோடிப் பூநாரையும் விலகிப் போகும் என்று சொல்ல முடியாது, அதை இங்கேதான் அளக்கவேண்டும். அதுவும் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, கட்டிய பிறகு ஒரு தடவை, காற்றாலை வரும் இடத்தில் ஒன்று, வராத பக்கத்துக் கடலில் ஒன்று என்று நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் காற்றாலையால் வந்ததா, மழை மாறியதால் வந்ததா என்று தெரியும். முன்னால் அளக்காமல் விட்டதைப் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் அளக்க முடியாது ஐயா.

யார் படிப்பார்கள் என்று கேட்டீர்கள். அறிக்கையைத் தமிழில், மீனவர் சங்கத்தில் ஒட்டுகிற மாதிரி, வரைபடத்தோடு கொடுத்தால் படிப்பார்கள்.

கேள்வி: கடல் காற்றாலை எத்தனை வருடம் நிற்கும்? அதற்குப் பிறகு துருப்பிடித்துக் கடலிலேயே கிடக்குமா?
— பேக்கரி ஊழியர், தர்மபுரி

பதில்: உலகின் முதல் கடல் காற்றாலை டென்மார்க்கில் விண்டபி என்ற இடத்தில் 1991-ல் வந்தது, 11 இயந்திரம், ஒவ்வொன்றும் 450 கிலோவாட். 2017-ல் எல்லாவற்றையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், ஆக இருபத்தைந்து வருடம் தாராளமாக நின்றது. கழற்றுகிற செலவுக்கான பணத்தை ஆரம்பத்திலேயே நிறுவனத்திடமிருந்து உத்தரவாதமாக வாங்கி வைக்கவேண்டும். கைவிட்ட குவாரிக் குழிகளைப் பார்த்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கேள்வி: தமிழ்நாட்டுக் கடலுக்கு டெண்டர் விட்டும் நிறுவனங்கள் வரவில்லை என்று படித்தேன். இவ்வளவு காற்று இருந்தும் ஏன் வரவில்லை? எங்களைப் போன்றவர்கள் அந்த மின்சாரத்தை நேரடியாக வாங்க முடியுமா?
— வார்ப்படத் தொழிற்சாலை மேலாளர், ஓசூர்

பதில்: 2018-ல் அரசு அறிவித்த இலக்கு 2022-க்குள் 5,000 மெகாவாட், 2030-க்குள் 30,000. 2022 வந்து போயிற்று, ஒன்றுகூட நிற்கவில்லை. 2023 டிசம்பரில் கடலடிக் குத்தகை விதிகள் வந்தன. 2024 பிப்ரவரியில் மத்திய சூரிய மின்கழகம் தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கான இடத்தைக் குத்தகைக்கு விட டெண்டர் கேட்டது, திரும்பத் திரும்பத் தேதியைத் தள்ளி, 2025-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

ஏன் என்று கேட்டால், டெண்டரை எடுக்கிறவர் இடத்தில் நின்று யோசியுங்கள். அந்த 4,000 மெகாவாட்டுக்கு அரசின் கைக்காசு கிடையாது, மின்சாரத்தை வாங்குகிறவரை நீங்களே தேடிக்கொள்ளவேண்டும், கடலடி ஆய்வும் உங்கள் செலவு. மண் எப்படி இருக்கும் தெரியாது, பாதி வழியில் ஆவுளியாவின் புல்படுகை என்று இடம் குறையுமா தெரியாது, மீனவர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. நம் ஊரில் போர்வெல் போடுகிறவரிடம் "தண்ணி எத்தனை அடியில் என்று தெரியாது, பாறை எங்கே என்று தெரியாது, நீங்களே பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்லுங்கள்" என்றால் என்ன செய்வார்? ஒன்று, வரமாட்டார். இல்லாவிட்டால் எல்லாப் பயத்தையும் சேர்த்து ஒரு விலை சொல்வார்.

சுற்றுச்சூழல் ஆய்வு தொழிலுக்குத் தடை என்று பேசுகிறவர்களோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். நெதர்லாந்தில் கடலடி மண், காற்று, அலை, சுற்றுச்சூழல் என்று எல்லா ஆய்வையும் அரசே முதலில் செய்து, அந்தத் தரவை டெண்டருக்கு முன்னால் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறது. போட்டியிடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே தகவல், பயத்துக்கு விலை சேர்க்கவேண்டியதில்லை. நம் நாட்டில் குஜராத்தில் இதை ஓரளவு செய்திருக்கிறோம், 2017-ல் காம்பே வளைகுடாக் கடலில் லேசர் கருவி வைத்துக் காற்றை அளந்தார்கள். தமிழ்நாட்டுக் கடலில் காற்று அதைவிட நன்றாக இருப்பதால் அவசரப்பட்டுவிட்டோம். ஆய்வுக்குப் போடும் பணம், விலையில் பல மடங்காகத் திரும்பி வரும். மீனவர் கேட்கிற கேள்வியும் வங்கிக்காரர் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான், கடலுக்கடியில் என்ன இருக்கிறது, அதை யார் பயன்படுத்துகிறார்கள்?

விலையை அரசு தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனைப் பாருங்கள். 2022 ஏலத்தில் ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 37 பவுண்டு வரை விலை இறங்கியது, எல்லோரும் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் இரும்பு விலையும் வட்டியும் ஏறிவிட்டது, ஆனால் அரசு உச்சவரம்பை 44 பவுண்டில் வைத்தது. 2023 செப்டம்பரில் கடல் காற்றாலைக்கு ஒரு ஏலதாரர்கூட வரவில்லை. வரம்பை 73-க்கு உயர்த்தியதும் 2024-ல் மறுபடி வந்தார்கள், 59 பவுண்டு அளவில் முடிந்தது. அவ்வளவு அனுபவமுள்ள நாட்டுக்கே ஒரு வருடம் வீணாயிற்று. நாம் முதல் 500 மெகாவாட்டில் உலகச் சாதனை விலை எதிர்பார்க்கக்கூடாது.

அப்புறம் எப்போது அந்த மின்சாரம் வரும் என்பதும் முக்கியம். நிலத்துக் காற்றாலை சீசன் மே முதல் செப்டம்பர் வரை, ஆடியில் அம்மியும் பறக்கும், தையில் இயந்திரங்கள் சும்மா நிற்கும். கடலிலும் தென்மேற்குப் பருவத்தில்தான் காற்று உச்சம். ஏற்கெனவே மின்சாரம் நிறைய இருக்கிற மாதத்தில் இன்னும் கொண்டுவந்து கொட்டினால் அதற்கு மதிப்புக் குறைவு. மன்னார் வளைகுடாவில் வாடைக்காலத்திலும் காற்று உண்டு, ஆகவே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதோடு எந்த மாதம், எந்த மணிக்கு எத்தனை யூனிட் என்றும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு, சூரிய மின்சாரம் அடங்கியபின் கிடைக்கும் ஒரு யூனிட் உங்கள் உலைக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

நேரடியாக வாங்குவது பற்றி: சட்டத்தில் வழி இருக்கிறது. 2022-ல் வந்த பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகளில், அதாவது உற்பத்தி செய்கிறவரிடமே நேரடியாக வாங்க வழிவிடும் விதிகளில், வாங்குகிறவரின் மின்தேவை குறைந்தது 1 மெகாவாட் என்றிருந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்துவிட்டார்கள். குரூப் கேப்டிவ் முறையும் உண்டு, வாங்குகிறவர்கள் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்து 51 சதவீத மின்சாரத்தைப் பயன்படுத்தவேண்டும், ஓசூரில் நிலத்துக் காற்றாலைக்கு இப்படிச் சேர்ந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். ஆனால் இன்றைய விலையில் கடல் மின்சாரத்துக்கு இப்படிக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முதல் திட்டம் அரசின் கைக்காசோடு ஓடி, அதன் யூனிட் கணக்கு வெளியே வரட்டும்.

கேள்வி: என் மாந்தோப்பு வழியாக உயர் அழுத்த டவர் லைன் போட்டு இருபது மரம் வெட்டினார்கள். கடலில் காற்றாலை வைத்தால் விவசாயிக்கு இந்தத் தொல்லை இருக்காதுதானே அண்ணா?
— விவசாயி, பாலக்கோடு

பதில்: இருபது மரம் என்றால் இருபது வருட உழைப்பு, படிக்கும்போதே மனசு கஷ்டப்பட்டது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தம்பி, தொல்லை கடற்கரையோடு நிற்காது. கடல் கேபிள் கரையேறுகிற இடத்தில் பெரிய துணைமின் நிலையம் வேண்டும், அங்கிருந்து மாநிலம் முழுக்க மின்சாரம் போகக் கோபுர வரிசைகள் வேண்டும். தொழிற்சாலை அதிகமாக இருக்கிற ஓசூர்ப் பக்கம் வருகிற லைன் நம் காடு கழனி வழியாகத்தான் வந்தாகவேண்டும். 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துத்தான் இன்றும் நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே டவர் போடுகிறார்கள். இழப்பீட்டுக்கு மத்திய மின்துறை 2015-ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது, டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 15 சதவீதம் வரை. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியிருக்கிறார்கள், மாநில அரசு ஏற்று உத்தரவு போடவேண்டும். மரத்துக்கு இழப்பீடு தனி. உங்களுக்கு வந்த நோட்டீஸ், பட்டா, அடங்கல், வெட்டுவதற்கு முன் எடுத்த போட்டோ எதுவாயினும் பத்திரமாக வையுங்கள். கடல் காற்றாலையின் மதிப்பீடு கடலோடு முடியக்கூடாது, கடைசி டவர் வரைக்கும் அதே அறிக்கையில் வரவேண்டும் என்று நான் எழுதிக்கொண்டே இருக்கப் போகிறேன்.

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். இந்தத் துறையில் எனக்கு வேலை இருக்குமா?
— மாணவர், ஊத்தங்கரை

பதில்: இருக்கும் தம்பி, எல்லோரும் இஞ்சினியர்களைத்தான் நினைக்கிறார்கள். பறவை எண்ணவும், தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி வைத்து ஓங்கில் சத்தத்தைப் பிரித்தறியவும், கடற்புல் படுகையை வரைபடமாக்கவும் ஆள் வேண்டும். மேல்படிப்புக்குக் கடல் உயிரியல் எடுங்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் நமக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. புள்ளியியலை விட்டுவிடாதீர்கள், பறவையை எண்ணுகிறவர் நிறையப்பேர், எண்ணியதை வைத்துச் சரியாகக் கணக்குச் சொல்கிறவர் குறைவு.

கேள்வி: என் மகளைக் கட்டிக்கொடுத்தது ராமேசுவரம் பக்கம். மாப்பிள்ளை நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். "காற்றாலை வந்தால் எங்கள் கடல் போய்விடும்" என்று பயப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?
— குடும்பத் தலைவி, அரூர்

பதில்: பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன் அம்மா, அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. காற்றாலைகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும், ஆனால் அந்த இடைவெளியில் படகு போகலாமா, வலை போடலாமா என்பது ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மாதிரி. பிரிட்டனில் பெரும்பாலும் உள்ளே போகலாம், வேறு சில நாடுகளில் மீன்பிடிப்பு தடை. நம் நாட்டில் என்ன விதி என்பதைக் குத்தகை கொடுப்பதற்கு முன்னால் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். கட்டுமானம் நடக்கிற மாதங்களுக்கு இழப்பீடு உண்டா என்பதையும் கேட்கவேண்டும், ஏற்கெனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் நாட்டுப்படகுகளுக்குக் கொஞ்சம் நல்ல மீன்பாடு கிடைக்கிறது, கட்டுமானத்தை அந்த நாட்களில் வைத்தால் அடி முழுக்க இவர்கள் மேல் விழும்.

இன்னொரு விஷயம். கடலடியில் எந்தெந்தப் பார், அதாவது பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எங்கே வலை விடுவார்கள், வாடையில் எங்கே போவார்கள் என்பதெல்லாம் எந்த செயற்கைக்கோள் படத்திலும் கிடையாது, உங்கள் மாப்பிள்ளை தலையில்தான் இருக்கிறது. நான் முன்னால் சொன்ன ஓடை மாதிரி, வரைபடத்தில் இல்லாதது கடலில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். போன தேதி, பாரின் பெயர், கைபேசியில் காட்டும் இட எண், என்ன காற்று, என்ன மீன், எத்தனை கிலோ, ஆவுளியாவையோ ஆமையையோ பார்த்தால் அதுவும். படகுக்கு ஒரு நோட்டு, ஒரு வருடம் எழுதினால் போதும். மாப்பிள்ளைக்கு எழுத நேரமில்லை என்றால் சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல உங்கள் மகள் எழுதட்டும். கூட்டம் என்று அறிவிப்பு வந்ததும் நோட்டை நகலெடுத்து, ஒரு பிரதியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரியிடம் கொடுக்கட்டும், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். எனக்கும் ஒரு நகல் அனுப்பினால் அடுத்த இதழ்களில் அதை வைத்தே எழுதுகிறேன்.